ப என்னும் அக்ஷரமும் 66 என்னும் எண்ணும்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்து சேர்ந்த கணிப்பொறி, பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைவிடச் சற்று நீளமாயும் அதைவிட மிகவும் தட்டையாயும் இருந்தது. நீளம் 23 சென்டிமீட்டர், அகலம் 14, கனம் 3. தூக்கிப் பார்த்தால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 1985-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில் லண்டனிலிருந்து வந்த மாமா, தம் பெட்டியைத் திறந்து, ஸ்வெட்டர்களுக்கும் சாக்லேட் டப்பாக்களுக்கும் நடுவே ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்த அந்தக் கறுப்பு வஸ்துவை எடுத்து என் மடியில் வைத்தபோது, மயிலாப்பூரில் எங்கள் கூடத்தில் கூடியிருந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் அது இன்னதென்று விளங்கவில்லை. "இதுதாண்டா கம்ப்யூட்டர்" என்று அவர் சொன்ன பிறகும் விளங்கவில்லை. ஏனென்றால் கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் மனத்தில் எழுந்த ஸ்வரூபம் வேறு: ஐ.ஐ.டி.யின் குளிர்ந்த அறையில் பீரோ பீரோவாக நின்ற ஐ.பி.எம். 370-ஐப் பற்றிப் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் வர்ணிக்கக் கேட்டிருந்தோம்; வாரப் பத்திரிகைகளில் சுஜாதா எழுதியவற்றை வாசித்திருந்தோம்; வங்கியில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவோ, கணிப்பொறி வந்தால் எத்தனை பேருடைய நாற்காலி காலியாகும் என்று சங்கக் கூட்டங்களில் நடந்த காரசாரமான விவாதங்களைக் கேட்டுவிட்டு வருபவர். அத்தனை பெரிய சங்கதி என் மடியில் அடங்கிவிட்டது என்பதை நம்புவதற்கு எங்களுக்குச் சாவகாசம் வேண்டியிருந்தது.

அதன் பெயர் சின்க்ளேர் இஸட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம். 2021-ஆம் வருஷம் செப்டம்பரில் காலமான ஸர் கிளைவ் சின்க்ளேர், 1982-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அதை இங்கிலாந்தில் வெளியிட்டபோது, 16 கே ஞாபகசக்தி உடையதற்கு 125 பவுன் என்றும் 48 கே உடையதற்கு 175 பவுன் என்றும் விலை வைத்தார். எனக்கு வந்தது 48 கே. மாமாவோடு வேலை பார்த்த ஒருவர் ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்னும் அடுத்த மாதிரியை வாங்கிக்கொண்டதால் பழையதை மாமாவிடம் மலிவாகக் கொடுத்துவிட்டார். ரப்பர் சாவிகள் நாற்பது. மழையில் நனைந்த அழிரப்பரைத் தொடுவது போன்ற ஒரு ஸ்பரிசம். வலப்பக்க மூலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, இளநீலம் என்று சாய்வாக ஓடிய நான்கு பட்டைகள். இன்றும் அந்த நான்கு வர்ணங்களை எங்கேயாவது ஒரு சேரக் கண்டால் என் கை தானாக நின்றுவிடுகிறது.

மாமா விடுமுறை முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் விஷயம் ஆரம்பமாயிற்று. அந்த யந்திரத்துக்குத் தனியாகத் திரை கிடையாது. வீட்டு டெலிவிஷனையே திரையாகக் கொள்ள வேண்டும். எங்களிடம் இருந்ததோ, முன்பக்கம் இழுத்து மூடும் மரக் கதவும் நான்கு கால்களும் உடைய கறுப்பு வெள்ளைப் பெட்டி. அதில் தூர்தர்ஷன் சென்னை நிலையத்துக்கென்று வைத்துவிட்ட திருகாணியை யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அப்பா அந்தச் சட்டத்தை எனக்காக ஒருநாள் தளர்த்தி, திருகாணியை 1 முதல் 12 வரை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டு இடங்களிலும் மணற்காற்று வீசியதே தவிர வேறொன்றும் தெரியவில்லை. யந்திரம் பழுதாகிவிட்டது, அல்லது வரும் வழியில் ஏதோ உடைந்துவிட்டது என்று எல்லோரும் ஒருமுகமாகத் தீர்மானித்தார்கள். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

கச்சேரி சாலையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர்தான் அந்தத் தீர்மானத்தை மாற்றினார். யந்திரத்தைத் திருப்பிப் பார்த்து, மாமா கொடுத்துவிட்டுப் போயிருந்த புத்தகத்தின் முதல் பக்கங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நல்லாத்தான் இருக்கு. இதுலேருந்து வர்ற சிக்னல் 36-ஆம் சேனல். உங்க டிவி 12-க்கு மேல கேக்காது. இது கூப்பிடுறது அதுக்குக் காதுலயே விழல, அவ்வளவுதான்" என்றார். அந்த நாளில் நம் தூர்தர்ஷன் ஒளிபரப்பெல்லாம் வி.எச்.எஃப். அலைகளில், ஸ்பெக்ட்ரமோ இங்கிலாந்து வழக்கப்படி யு.எச்.எஃப். அலையில் பேசியது. இந்த வித்தியாசத்தை இவ்வளவு சரளமாக வேறு எந்தப் பௌதிக ஆசிரியரும் எனக்குப் பிற்காலத்தில் விளக்கியதில்லை.

அவர் செய்த காரியத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு சாயங்காலங்கள் பார்த்தேன். யந்திரத்தின் அடியிலிருந்த ஐந்து திருகுகளையும் கழற்றினார். உள்ளே ஒரு மூலையில் சிறிய தகரப் பெட்டி இருந்தது. படத்தை அலையின்மேல் ஏற்றி அனுப்பும் பெட்டி அதுதான். "அலையிலே ஏத்துறதுக்கு முன்னாடியே படத்தைப் பிடிச்சிட்டா சேனல் தேவையில்லை" என்று சொல்லி, அந்தத் தகரப் பெட்டிக்குள் நுழையும் கம்பியிலிருந்து கிளை பிரிப்பதுபோல ஒரு மெல்லிய வயரைப் பற்றவைத்து, பழைய துளையை அப்படியே விட்டுவிட்டு, ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வந்த புதிய சாக்கெட் ஒன்றைப் பின்னால் பொருத்தினார். மறுநாள் எங்கள் வீட்டுக்கே வந்து டெலிவிஷனின் முதுகைத் திறந்தார். திறந்தவர், உடனே கையை வைத்துவிடவில்லை. டெஸ்டரால் தகட்டை நாலு இடத்தில் தொட்டுப் பார்த்து, சில டெலிவிஷன்களில் உள் தகட்டிலேயே மின்சாரம் ஓடும், அப்படிப்பட்டதில் இந்தப் பெட்டியை மாட்டினால் பையன் கைக்கு ஆபத்து என்று அப்பாவுக்கு விளக்கிவிட்டு, "உங்களது டிரான்ஸ்ஃபார்மர் செட்டு சார், பயமில்லை" என்ற பிறகே வேலையைத் தொடங்கினார். கூலியாக அவர் கேட்டது பதினைந்து ரூபாய். அந்த மனிதர் அந்தப் பதினைந்து ரூபாய்க்கு எனக்குத் திறந்துவிட்ட கதவை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது.

சுவிட்சைப் போட்டதும் திரை ஒரு கணம் கறுத்து, பிறகு வெளுத்து, அடியில் ஒரே ஒரு வரி தோன்றியது: 1982, சின்க்ளேர் ரிசர்ச் லிமிடெட். அவ்வளவோடு அது நிறுத்திக்கொண்டது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். இப்போது நாம் உபயோகிக்கும் கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் விழித்த மாத்திரத்தில் நமக்கு ஏதேதோ காட்டுகின்றன, அழைக்கின்றன, ஞாபகப்படுத்துகின்றன. அந்தச் சிறிய யந்திரம் எதையும் காட்டவில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு, நீ என்ன சொல்லப் போகிறாய் என்று என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. நான் ஒன்றும் சொல்லாவிட்டால் சாயங்காலம் முழுவதும் அப்படியே காத்திருக்கும். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவ்வளவு பொறுமையோடு காத்திருந்த வேறொருவரை நான் அதுவரை கண்டதில்லை.

சொல்லுவதற்கும் அது ஒரு விசேஷமான வழி வைத்திருந்தது. வரியின் தொடக்கத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும் 'கே' என்னும் அடையாளம் நிற்கும்போது 'பி' சாவியை அழுத்தினால் 'பி' என்ற எழுத்து வராது. 'பிரின்ட்' என்ற முழு வார்த்தையே வந்து உட்காரும். அதன் பின் அந்த அடையாளம் 'எல்' என்று மாறிவிடும்; அப்போதுதான் எழுத்து எழுத்தாக அடிக்கலாம். இப்படி ஒவ்வொரு ரப்பர் சாவிக்கும் நாலைந்து அர்த்தங்கள். சாவியின் மேலும் கீழும் முதுகிலும் பொடி எழுத்தில் அவை அச்சிடப்பட்டிருந்தன. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்த அப்பாவுக்கு இந்த ஏற்பாடு முதலில் மனஸ்தாபத்தையே உண்டாக்கியது. எனக்கோ அடிப்பதற்கு வேறு பழக்கமே இல்லாததால் அதுவே இயல்பாகிவிட்டது.

அதோடு வந்த புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் போவது நன்றிகெட்ட செயல். ஸ்டீவன் விக்கர்ஸ் எழுதிய, கம்பிச் சுருளால் தைத்த பேசிக் பாடப் புத்தகம் அது. முதல் அத்தியாயத்தில் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறவர், கடைசி அத்தியாயங்களில் அந்த யந்திரத்தின் ஞாபகத்தில் எந்த விலாசத்தில் எது குடியிருக்கிறது என்பது வரை, எதையும் ஒளிக்காமல் எழுதிவைத்திருந்தார். திரையிலுள்ள படம் 6,912 பைட்டுகளில் அடங்கியிருக்கிறது, அது 16384 என்ற விலாசத்தில் தொடங்குகிறது என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் கிடைத்த செய்திகளே. ஒரு வீட்டை விற்றுவிட்டு அதன் கொல்லைக் கிணறு எவ்வளவு ஆழம், எந்தச் சுவரில் எந்தக் கம்பி ஓடுகிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போகும் நல்ல வீட்டுக்காரரைப் போல அவர் நடந்துகொண்டிருந்தார். என் பள்ளிக்கூட ஆங்கிலம் அந்தப் புத்தகத்தில்தான் உருப்பட்டது.

நாடாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அனுபவித்தவர்களுக்கு ஒரு வார்த்தை போதும். எழுதிய புரோகிராமை நிலைக்க வைப்பதற்குச் சாதாரண டேப் ரிக்கார்டர்தான் சாதனம். நம் எண்கள் எல்லாம் ஒலியாக மாறிப் பாட்டுக் கேசட்டில் பதியும்; 1 என்பதற்குரிய துடிப்பு 0-க்குரியதைப்போல் இரு மடங்கு நீளம். திரும்ப ஏற்றும்போது முதலில் நீண்ட ஒரு குழலோசை, பிறகு சில்வண்டுக் கூட்டம் இரைவது போன்ற சப்தம். திரையின் ஓரங்களில் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடும். பெரிய விளையாட்டு ஒன்றை ஏற்ற ஐந்து நிமிஷத்துக்கு அருகில் ஆகும். நாலரை நிமிஷத்தில் ஏற்றம் தவறிவிட்டது என்று அது சொல்லுமானால் மறுபடி முதலிலிருந்து. ரிக்கார்டரின் சப்தத் திருகாணியில் நான் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தக் கோட்டைத் தாண்டினாலும் தவறு, எட்டாவிட்டாலும் தவறு. பதிந்து வைப்பதற்குள் மின்சாரம் நின்றுபோனால் அன்றைய உழைப்பு அத்தனையும் போனதுதான். சென்னையில் அந்தக் கோடைகளில் அது எத்தனை தரம் நேர்ந்தது என்பதற்குக் கணக்கு வைக்கவில்லை. அந்த ஓரக் கோடுகள் உண்மையில் சிவப்பும் இளநீலமும், பின்பு நீலமும் மஞ்சளும் என்பது ஒரு வருஷம் கழித்து, அடுத்த தெருவில் சிங்கப்பூர்க் கலர் டெலிவிஷன் வைத்திருந்த ஒரு நண்பன் வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரையில் எனக்கு எல்லாம் சாம்பல் நிறமே. ஆயினும் அந்தச் சாம்பலிலும் ஒரு ஒழுங்கு இருந்தது: 0 என்ற கறுப்பிலிருந்து 7 என்ற வெளுப்பு வரை, வர்ணங்களின் எண்களை அவற்றின் பிரகாசத்துக்கு ஏற்ப வரிசைப்படுத்தியிருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் பெட்டிக்காரனையும் மனத்தில் வைத்து யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதை நினைத்து நான் அப்போதே சந்தோஷப்பட்டேன்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான சம்பவத்துக்கு வருகிறேன்.

விக்கர்ஸின் புத்தகத்தில் எழுத்துக்களைப் பற்றிய அத்தியாயம் ஒன்றில், யந்திரத்தில் இல்லாத ஓர் எழுத்தை நாமே சிருஷ்டித்துக்கொள்ளும் வித்தை சொல்லப்பட்டிருக்கிறது. அங்கே உதாரணமாக அவர் எடுத்துக்கொண்டது, வட்டத்தின் சுற்றளவுக்கு உபயோகிக்கிறோமே, 'பை' என்னும் அந்தக் கிரேக்க எழுத்து. எட்டுக்கு எட்டு என்று அறுபத்துநாலு கட்டம். கறுக்க வேண்டிய கட்டத்துக்கு 1, வெளுக்க வேண்டியதற்கு 0. ஒரு வரிசைக்கு ஓர் எண் வீதம் எட்டு எண்களை யந்திரத்தின் ஞாபகத்தில் இட்டுவிட்டால், அந்த எழுத்து அதற்குச் சொந்தமாகிவிடும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கிரேக்க எழுத்து எழுதலாமென்றால் தமிழ் எழுத்து எழுதக் கூடாதா?

மறுநாள் பள்ளிக்கூடத்துக் கிராப் நோட்டில் ஆரம்பித்தேன். எந்த எழுத்திலிருந்து தொடங்குவது என்ற பிரச்னைக்கு விடை நேராகவே கிடைத்தது, ஏனென்றால் நம் எழுத்துக்களில் வளைவே இல்லாமல் நேர்க்கோட்டிலேயே நிற்கிறவை மிகச் சில. அவற்றுள் 'ப' முதன்மையானது. இரண்டு ஓரமும் ஒவ்வொரு கோடு, அடியில் ஒரு கோடு. மேல் வரிசை 0. அடுத்த ஐந்து வரிசைகளிலும் இடக் கோட்டுக்கு 64, வலக் கோட்டுக்கு 2, ஆகக் கூடி 66. ஏழாவது வரிசையில் அடிக்கோடு முழுவதும் 126. கடைசி வரிசை 0. எட்டு எண்களையும் இட்டுவிட்டு, அதற்குரிய சாவியை அழுத்தினேன். எங்கள் டெலிவிஷனில், இங்கிலாந்திலிருந்து வந்த அந்தப் பெட்டியின் வழியாக, 'ப' என்ற எழுத்து வந்து நின்றது.

அடுத்தது 'ட'. கிராப் நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: 66-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டால் வலக் கோடு மறைந்து, மிச்சம் நிற்பது 'ட'. இரண்டு எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 2! முதல் வகுப்பில் மணலில் விரலை வைத்து எழுதப் பழகியவற்றை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொன்னால் அது மிகையன்று. மேல் வரிசையின் 0-வை 24 ஆக்கினால் தலையில் புள்ளி விழுந்து 'ட' என்பது 'ட்' ஆகும். 'ம' அரை நாள் பிடித்தது. 'ழ'வின் கீழ்க் கொக்கிக்கு எட்டு வரிசை போதாமல் மூன்று நாள் போராடினேன். 'ண', 'ஞ' போன்ற அகலமான எழுத்துக்கள் எட்டுக்கு எட்டு என்ற ஒரு கட்டத்தில் அடங்காமல் பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்துக் கேட்டன.

இத்தகைய எழுத்துக் கட்டங்களோ மொத்தம் 21 தான். எட்டெட்டாக 168 பைட்டுகள், அதற்குமேல் இடமில்லை. தமிழுக்கு 247 எழுத்துக்கள் என்று இலக்கணம் சொல்லுகிறது. இந்த நெருக்கடியில் எனக்கு ஆபத்பாந்தவனாக வந்தது 1978-ஆம் வருஷத்து எழுத்துச் சீர்திருத்தம். ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துக்கள் பழைய அச்சில் தனித்தனி உருவம் கொண்டவை. அரசாங்க உத்தரவால் அவை காலும் இணைக் கொம்பும் தனியாகப் பிரிந்து நிற்கும் சாதாரண எழுத்துக்களாகிவிட்டபடியால், ஒரே ஓர் ஐகாரக் குறியைக் கொண்டு எல்லா மெய்களுக்கும் சமாளிக்க முடிந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் புது எழுத்தையே கற்றோமாதலால் அதன் அருமை தெரியாதிருந்த எனக்கு, இடம் பற்றாத அந்த 168 பைட்டுகள்தான் அதைக் கற்பித்தன. (யந்திரத்தின் சொந்த ஆங்கில எழுத்துக்கள் முழுவதையுமே ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் நம் எழுத்துக்களை வைத்துக்கொள்ள 23606 என்ற விலாசத்தில் வழியிருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.)

நான் எழுதிய முதல் முழு வார்த்தை 'பாட்டி'. அபிமானம் ஒரு காரணம். ப, கால், ட், டி என்று நாலே கட்டத்தில் முடிகிறது என்பது இன்னொரு காரணம்.

அந்த எழுத்துக்களைத் திரையில் ஓட்டவும் நிறுத்தவும் பெரிதாக்கவும் நூற்றுச் சொச்சம் வரிகளில் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தேன். காலிக் கேசட் வாங்கக் காசு சேராததால் மூன்று சாயங்காலங்களாக அது நாடாவில் பதியப்படாமலே இருந்தது. யந்திரத்தை அணைக்காமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நானும் ஒரு வரி அடிக்கிறேன்" என்றார். அவ்வளவு நாள் விலகியே இருந்தவர் தாமாகக் கேட்டதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகியபடி பத்து விரலையும் பரப்பி, முதல் பயிற்சியின் முதல் எழுத்தான 'ஏ'யை இடது சுண்டுவிரலால் அழுத்தினார். எழுத்துக்குப் பதிலாக 'நியூ' என்ற வார்த்தை வந்தது. இது என்ன என்று யோசித்தவர், வரியை முடித்துப் பார்க்கலாம் என்று நினைத்து 'என்டர்' சாவியையும் அழுத்திவிட்டார். 'நியூ' என்றால் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பி என்று அர்த்தம். திரை கறுத்து, வெளுத்து, அடியில் அந்த ஒற்றை வரி வந்து நின்றது.

அப்பாவுக்கு என்ன நடந்தது என்று சொல்லாமலே விளங்கிவிட்டது. "நான் ஏதாவது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். என்னாலும் பேச முடியவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் விக்கர்ஸின் புத்தகத்தைப் புரட்டினேன். ஞாபகத்தின் வரைபடம் இருந்த பக்கத்தில் கண் நின்றது. 'நியூ' என்னும் கட்டளை ராம்டாப் என்ற எல்லை வரைதான் துடைக்கும். நாம் சிருஷ்டித்த எழுத்துக்களோ அந்த எல்லைக்கு அப்பால், 65368 என்ற விலாசத்திலிருந்து ஞாபகத்தின் கடைக்கோடி வரை குடியிருக்கின்றன. நடுங்கும் கையோடு எழுத்துச் சாவிகளைச் சித்திரச் சாவிகளாக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, அப்பா அழுத்திய அதே 'ஏ' சாவியை அழுத்தினேன். திரையின் அடியில் 'ப' வந்தது.

"இருக்கே!" என்றார் அப்பா. அதன் பின் அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து, நான் சொல்லச் சொல்ல, நூற்றுச் சொச்சம் வரிகளையும் என்னோடு சேர்ந்து மறுபடி அடித்தார். முடிய இரவு பதினொன்றாயிற்று. மறுநாள் காலிக் கேசட் ஒன்று என் மேஜையில் இருந்தது.

பாட்டி, தன் பெயராகவே பாவித்து அந்த 'பாட்டி'யைப் பலமுறை வாசித்துவிட்டாள். பிறகு ஒருநாள், யானை எழுதத் தெரியுமா உன் பெட்டிக்கு என்று கேட்டாள். ய, கால், இணைக் கொம்பு, ன: நாலே கட்டம். எழுதிக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "யானைன்னு படிக்க முடியறது. ஆனா தும்பிக்கையைக் காணோமேடா" என்றாள். அவள் படித்த அச்சில், 'னை' என்னும் எழுத்தின் முன்னால், மேலிருந்து வளைந்து தொங்கும் ஒரு சுழி உண்டு. அந்தக் காலத்துக் குழந்தைகள் எல்லோரும் அந்தச் சுழியைக் காட்டியே யானை என்ற வார்த்தையைக் கற்றவர்கள்.

இருபத்தொரு கட்டமும் அப்போது நிரம்பியிருந்தன. பழைய 'னை'க்கு ஒட்டினாற்போல் இரண்டு கட்டம் வேண்டும். 'ஞ'வுக்குக் கொடுத்திருந்த இரண்டையும் எடுத்துக்கொண்டேன். பதினாறு சிறு கட்ட அகலத்தில் தும்பிக்கை முறியாமல் வளைந்து 'ன'வின் தோளில் போய்ச் சேர வேண்டும்; முதல் நாள் அது கொக்கியாயிற்று, இரண்டாம் நாள் குடைக்காம்பாயிற்று. பாட்டியின் பழைய விநாயகர் அகவல் புத்தகத்தை வாங்கி வைத்து, அச்செழுத்தை லென்ஸால் பார்த்துப் பார்த்துக் கட்டங்களை அழித்து எழுதினேன். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. எட்டெட்டாகப் பதினாறு எண்களையும் இட்டுவிட்டுப் பாட்டியைக் கூப்பிட்டேன். வந்தவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, டெலிவிஷனின் மேல் விரலை வைத்து, அந்தச் சுழியின் தலையிலிருந்து நுனி வரை மெல்லத் தடவினாள். தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' பார்ப்பதற்காக அதற்குள் கூடம் நிரம்பத் தொடங்கியிருந்தது. நான் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன்.

"அணைக்காதே, இன்னும் நேரம் இருக்கு" என்றாள்.